பெயர் சொல்லாத பாட்டு

கேள்வி: என் கணவருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருப்பதை, அவருடைய கைப்பேசிக்கு வந்த செய்திகளைப் பார்த்து நான்கு மாதங்களுக்கு முன் அறிந்தேன். அவரும் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து சரியான உறக்கமில்லை. நள்ளிரவில் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு நூலகப் புத்தகங்களைப் படிக்கிறேன். அப்போதுதான் மனம் சற்று அடங்குகிறது. ‘முடிவெடுக்கப் பயந்து புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்கிறாய்’ என்கிறாள் என் அக்கா. கணவரின் சித்தப்பாவோ சமாதானம் பேச வந்தபடி இருக்கிறார். நான் செய்வது தவறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: தவறே இல்லை, சகோதரி. வெளியே சொல்ல முடியாத துயரத்தோடு நாள் முழுவதும் வீட்டுவேலை பார்த்துவிட்டு, இரவில் ஒரு மணி நேரம் படித்து மூச்சுவிடுவதை ஒளிந்துகொள்வது என்று நான் சொல்லமாட்டேன்.

நூலகத்தில் உ.வே.சாமிநாதையர் உரையெழுதி 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை இருந்தால் எடுத்து வாருங்கள். பதவுரை இருப்பதால் பழந்தமிழ் உங்களை மிரட்டாது. அதன் 45-ஆம் பாடலில், காலையிலேயே தேர் பூட்டிப் பிற பெண்களை நாடிப் போனவனையும், அதனால் கலங்கி நிற்கும் அவன் மகனுடைய தாயையும் பற்றித் தோழி பேசுகிறாள். ‘இந்தக் குடியில் பிறப்பதே துன்பம்’ என்று அவள் முடிக்கிற இடத்தில், எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். பாட்டு மொத்தம் ஐந்தே அடிகள். அவனுக்கும் பெயர் இல்லை, அவளுக்கும் பெயர் இல்லை. அகப்பாட்டில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தன் பெயரை வெளியிட முடியாத ஒரு பெண், யாருக்கும் எதையும் விளக்காமல் அந்தப் பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள முடிவது அதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் வீட்டுக்கு வரும் சித்தப்பாவுக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு: வாயில், அதாவது சமாதானம் பேச வரும் தூதர். பிரிந்து போனவன் பாணனையும் விறலியையும் தூதாக அனுப்புவதும், தலைவியும் தோழியும் அவர்களைத் திருப்பி அனுப்புவதும் ஊடலைப் பாடும் மருதத் திணைப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘வாயில் மறுத்தல்’ என்று அதை ஒரு துறையாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்பாடல்கள் பலவற்றில் கடைசியில் கதவு திறந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண் பிற பெண்களிடம் போவதை ஊர் ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்த முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்று இந்த மாதமே சொல்லியாக வேண்டியதில்லை. பிரிய நினைத்தால், பிறன்மனை உறவு 2018-க்குப் பிறகு குற்றமாக இல்லாவிட்டாலும், இந்து திருமணச் சட்டப்படி மணவிலக்குக்குக் காரணமாகவே நீடிக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. மனம் விட்டுப் பேச 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. நான்கு மாதமாக உறக்கமில்லை என்பதைத்தான் என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். சித்தப்பா மறுபடி வந்தால், பதில் சொல்ல இன்னும் நாளாகும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.