தையல் பிரிஞ்சிராது மக்ளே, அம்மைய எழுப்பி நடத்து

குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கு: "சிஸ்டர், எங்க அம்மைக்கு 56 வயசு, சுகர் உண்டு. வயித்தைக் கீறி கர்ப்பப்பைய எடுத்து இன்னைக்கு மூணாம் நாள். நர்ஸ்மாரு எழும்பி நடங்கன்னு விரட்டுதாவ, துணைக்கு நிக்க பெரியம்மை தையல் பிரிஞ்சிரும் அசையாம கிடன்னு அதட்டுதாவ. வயிறு ஊதுன மாதிரி இருக்கு, காத்து பிரியல. கஞ்சி வெள்ளம் மட்டுந்தான் குடிக்காவ. மீனு முட்டை குடுத்தா சீழ் வைக்கும்னு சொல்லுதாவளே உள்ளதா? யாரு பேச்சைக் கேக்க?"

நர்ஸ்மாரு பேச்சைத்தான் கேக்கணும். நானும் சர்ஜரி வார்டுல நின்னவங்கிறதுக்காக சொல்லல, படுத்தே கிடந்து வினைய இழுத்துக்கிட்டவங்களை அத்தனை பேரு பாத்திருக்கேன்.

பெரியம்மை பயப்படுறது வெளிய தெரியிற தோல் தையலைப் பாத்து. வயித்தை ஒரே தையலா போட்டு மூடுறது இல்ல மக்ளே, உள்ள அடுக்கடுக்கா தைப்பாங்க, அதுல சதைக்கு மேல இருக்க கெட்டியான உறையைத் தைக்கிறதுதான் வயித்தைப் பிடிச்சு நிறுத்துறது, அதுக்கு வாரக்கணக்குல பலம் விடாத நூலைத்தான் போடுவாங்க. வராந்தாவுல பைய நடக்கதுல அது அறுந்து போகாது. தையலுக்கு நெசமா கேடு என்னன்னா, மல்லாந்து கிடந்தவங்க வயித்தை முறுக்கி ஒரேயடியா எழும்புறது, கக்கூஸ்ல முக்குறது, வயித்தைத் தாங்காம இருமுறது, கனம் தூக்குறது. சுகர் கூடி புண்ணுல பழுப்பு வைக்கதும் அப்படித்தான்.

அசையாம கிடந்தா என்ன ஆகும்னு கேளு. நுரையீரலோட அடிப்பாகம் சரியா விரியாது, சளி அங்கேயே தங்கி நிமோனியாவுல கொண்டு விடும். கெண்டைக்கால்ல ரத்தம் கட்டும், அந்தக் கட்டி ஏறி நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. குடலும் மந்தமாவே கிடக்கும், உங்க அம்மைக்கு காத்து பிரியாததுக்கு இதுவும் ஒரு காரணம்தான்.

எழுப்புற விதம் இருக்கு பாத்துக்கோ, எல்லாரும் கையைப் பிடிச்சு நேரா இழுப்பாங்க, அதை செய்யவே செய்யாத. வலி மருந்து குடுத்து அரை மணிக்கூர், முக்கா மணிக்கூர் கழியட்டும். முழங்காலை மடக்கச் சொல்லி, உடம்பை மரத்தடி உருட்டுற மாதிரி ஒருச்சா உருட்டி, ரெண்டு காலையும் கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டு, கையை ஊனி எழும்பச் சொல்லு. அப்படியே அஞ்சு நிமிஷம் இருக்கட்டும், தலை சுத்துதான்னு கேளு, அதுக்குப் பெறவு நிக்கட்டும். யூரின் பை இருந்தா இடுப்புக்குக் கீழேயே பிடிச்சுக்க, மேல தூக்குனா மூத்திரம் திரும்ப உள்ள போகும். மொத தடவை சிஸ்டர் ஒருத்தங்க கூட நிக்கணும். கட்டில்ல இருந்து ஜன்னல் வரை போதும், ஆனா ஒரே நடையா நடந்து தளராம நாளைக்கு நாலஞ்சு தடவை. படுத்திருக்கும்போது பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கச் சொல்லு.

வலி மருந்து வேண்டாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு கிடக்கிறது நம்ம பொம்பளையாளுவ வழக்கம், அதுல ஒரு பெருமை வேற! வலிச்சா மூச்சை இழுக்க மாட்டாங்க, இரும மாட்டாங்க, நடக்க மாட்டாங்க. வலி உச்சிக்கு ஏறுறதுக்கு முன்னாலயே மருந்து கேட்டு வாங்கு. மூணு பந்து உள்ள மூச்சு கருவி தந்திருந்தா அதை ஊதப்படாது, உள்ள உறிஞ்சி இழுக்கணும், முழிச்சிருக்கும்போது மணிக்கொருதரம் பத்து தடவை. இருமல் வந்தா தலையணையையோ நாலா மடிச்ச துவர்த்தையோ புண்ணு மேல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருமணும்.

இதைச் சொல்லும்போது நம்ம நெய்யூர் ஆஸ்பத்திரில வருஷக்கணக்கா ஆபரேஷன் செஞ்ச சோமர்வெல் டாக்டர் ஞாபகம் வரும். 1924-ல எவரெஸ்ட்ல இருந்து இறங்கும்போது குளிர்ல வெந்து உரிஞ்ச தொண்டைச் சவ்வு அடைச்சு அவருக்கு மூச்சு நின்னுட்டு, ரெண்டு கையாலயும் நெஞ்சை அமுக்கி ஒரே தள்ளா வெளிய தள்ளித்தான் தப்பிச்சாரு. கையால தாங்கி இருமுனா அவ்வளவு பலன்.

காத்து விஷயம். வயித்து ஆபரேஷனுக்குப் பெறவு சிறுகுடல் ஒரு நாளைக்குள்ள முழிச்சிரும், பெருங்குடலுக்கு ரெண்டு மூணு நாள் பிடிக்கும், அதனால மூணாம் நாள் காத்து வரலன்னு வெப்ராளப்பட வேண்டாம், ஆனா டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லு. வயிறு இன்னும் உப்பி வாந்தியும் வந்தா காத்திருக்கப்படாது, வாயில ஒண்ணும் குடுக்காம உடனே சிஸ்டரைக் கூப்பிடு.

மீனும் முட்டையும் சீழ் வைக்கும்ங்கிறது சும்மா பேச்சு. சீழ் வைக்கது கிருமி. புண்ணு ஆற புரோட்டீன் வேணும், வெறும் கஞ்சி வெள்ளத்துல அது எங்க இருக்கு, சுகர் காரங்களுக்கு கஞ்சி மட்டும் குடுத்தா சுகர்தான் ஏறும். டாக்டர் சாப்பிடலாம்னு சொன்னதும் இட்லியும் அவிச்ச முட்டையும் கொஞ்சமா தொடங்கு, காரம் போடாம வச்ச சாளையோ அயிலையோ தாராளமா குடுக்கலாம். மரச்சீனி இப்ப வேண்டாம், வாயுவும் சுகரும் ரெண்டும் கூடும். பாக்க வாறவங்க கொண்டுட்டு வார ஹார்லிக்ஸ், ஜூஸ் எல்லாம் மூலையில இருக்கட்டும். ஆபரேஷன் சமயத்துல சுகரை 180-க்கு உள்ள வைக்கப் பாப்பாங்க, இன்சுலின் போட்டா பயப்படாத, அநேகமா பெறவு மாத்திரைக்கே திரும்பிரலாம். வாறவங்க கட்டில்ல இருக்காம, கை கழுவாம தொடாம பாத்துக்க வேண்டியது உன் பொறுப்பு.

மொத ரெண்டு நாள் லேசா உடம்பு சுடுறது சகஜம். அதுக்குப் பெறவு குளிரும் நடுக்கமுமா காய்ச்சல் வந்தா, புண்ணு சிவந்து சுட்டு நீர் வடிஞ்சா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, மூச்சு திடீர்னு வாங்குனா, மணிக்கொரு பேடு நனையிற மாதிரி ரத்தம் போனா, டியூப் எடுத்து ஆறு மணிக்கூர் ஆகியும் மூத்திரம் போகலன்னா, ராத்திரி எத்தனை மணியானாலும் சிஸ்டரை எழுப்பு. யாரும் ஏசுனா ஏசட்டும்.

வீட்டுக்குப் போனா ஆறு வாரம் தண்ணிக் குடமும் ரப்பர் பால் வாளியும் தூக்கப்படாது. கார்ல போகும்போது பெல்ட்டுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தலையணை வை, அந்த ரோட்டுக் குழி உனக்கே தெரியும்.

பெரியம்மைகிட்ட சண்டைக்குப் போகாத. அம்மைக்கு ஒரு பக்கம் நீ பிடி, இன்னொரு பக்கம் அவங்களைப் பிடிக்கச் சொல்லு, மூணு நாளா அந்த ஸ்டூல்ல இருந்து அவங்களுக்கும் முட்டு பிடிச்சிருக்கும்.