மலைப்பாதைக் குடித்தனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெய்ல் என்ற நீண்ட மலை நடைபாதை பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய சிறு குறிப்பை என் மகள் எனக்கு அனுப்பிவைத்தாள். காரணமாகத்தான் அனுப்பினாள். டிசம்பரில் அவளுக்குப் படிப்பு முடிகிறது. வேலையில் சேர்வதற்கு முன், மார்ச்சில் ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை தனியாக நடக்கப்போகிறாளாம். ஐந்தாறு மாதம் ஆகுமாம். நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து மைல் நடந்துவிட்டு வீடு திரும்பியதுதான் அவளுக்குத் தெரிந்த மலை.

வீடியோக்களில் எல்லாரும் உச்சியில் நின்று சூரிய உதயம் பார்க்கிறார்கள். மீதி நேரம் என்ன செய்வார்கள்? ஒரு நாள் முழுக்க எப்படிப் போகும்? என்ன சாப்பிடுவாள் (நாங்கள் சைவம்), எங்கே படுப்பாள், எங்கே குளிப்பாள்? கரடி வேறு உண்டு என்கிறார்கள். என் மனைவிக்கு இரவில் தூக்கமே இல்லை. அனுப்பலாமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. அங்கே அன்றாடம் எப்படி இருக்கும் என்று சொன்னால் போதும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இந்தப் பாதையைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதும் பெற்றோர் பெரும்பாலும் கரடியில்தான் தொடங்குவார்கள். நீங்கள் ‘ஒரு நாள் முழுக்க எப்படிப் போகும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

முதலில் அளவு. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்னின் கட்டாடின் மலை வரை சுமார் 2,190 மைல், அதாவது 3,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 14 மாநிலங்கள். ஒரே மூச்சில் நடந்து முடிக்கக் கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் மறுமுனையைத் தொடுகிறார். நான் முழுவதும் நடந்தவன் அல்ல. ஜார்ஜியா, வர்ஜீனியா, உங்கள் நியூ ஜெர்சி, மெய்ன் என்று துண்டு துண்டாக, வாரக்கணக்கில் நடந்திருக்கிறேன். நான் பார்த்தவரை, பாதியில் திரும்பியவர்களில் ஏற்றம் ஏற முடியாமல் திரும்பியவர்கள் மிகக் குறைவு. கொப்புளம், வயிற்றுப்போக்கு, முழங்கால் வலி, விடாத மழை, சலிப்பு, கையில் காசு தீர்ந்துபோனது என்றுதான் காரணம் சொன்னார்கள். அங்கே நடப்பது ஒரு குடித்தனம். தண்ணீர், சாப்பாடு, கால், துணி, படுக்கை, இந்த ஐந்தையும் தினமும் கவனிக்கவேண்டும். சின்ன வேலையை நாளைக்கு என்று தள்ளாதவர்கள்தான் போய்ச் சேர்கிறார்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடையிலோ ஊற்றிலோ பிடித்து, வடிகட்டிக் குடிக்கவேண்டும். ஃபில்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு குழாய். உள்ளே நூல் நூலாக நுண்குழல்கள். ஒருமுறை பயன்படுத்திய ஃபில்டரில் ஈரம் தங்கிவிடும். இரவுக் குளிரில் அது உறைந்தால் அந்தக் குழல்கள் விரிசல் விட்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுநாளும் தண்ணீர் முன்போலவே தெளிவாகத்தான் வரும், ஆனால் கிருமியும் சேர்ந்து வரும். மார்ச், ஏப்ரலில் ஜார்ஜியா, வட கரோலினா மலைகளில் பனியே பெய்யும். அதனால் ஃபில்டரை ஒரு ஸிப் பையில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு படுக்கவேண்டும். கைபேசியும் பவர் பேங்கும்கூட அங்கேதான், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. களைப்பில் ஒருநாள் விட்டால் ஒரு வாரம் வயிறு படுத்திவிடும்.

காலையில் வெளிச்சம் வந்ததும் எழுந்து, சூடாக ஏதாவது குடித்து, கூடாரத்தைச் சுருட்டி, எல்லாவற்றையும் முதுகுப்பையில் அடுக்கிக் கிளம்ப ஒரு மணி நேரம் ஆகும். நேற்று மழை என்றால் ஈரக் காலுறையைத்தான் மாட்டவேண்டும். உலர்ந்த ஜோடி ஒன்று பைக்குள் இருக்கும். அது படுக்கும்போது போட்டுக்கொள்ள மட்டும், அதைத் தொடக்கூடாது. உலர்ந்ததைக் காலையில் மாட்டினால் இரவுக்கும் ஈரம்தான். பிறகு நடை. மரங்களில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருக்கும், அதைத் தொடர்ந்து போகவேண்டும். தண்ணீருக்கோ இரவு தங்கும் ஷெல்டருக்கோ பிரியும் கிளைப்பாதைகளில் பெரும்பாலும் நீலப் பட்டை. முதல் சில வாரங்கள் நாளுக்கு எட்டு, பத்து மைல் போதும். உடம்பு பழகிய பிறகு பதினைந்து, இருபது தானாக வரும். தொடக்கத்திலேயே இருபது போகிறவர்களை முழங்கால் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

பாதத்தைப் பற்றி உங்கள் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கொப்புளம் வருவதற்கு முன் குதிகாலிலோ விரலிலோ ஓர் இடம் மட்டும் சூடாக உறுத்தும். அந்த நிமிடமே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, ஒட்டுத்துணி ஒட்டிவிட வேண்டும். ‘அடுத்த வளைவு வரை போய்விடலாம்’ என்று அந்தச் சூட்டோடு நடந்தவர்களுடைய குதிகாலை ஜார்ஜியாவில் பார்த்திருக்கிறேன், தோல் உரிந்து சிவந்திருக்கும். நாள் முழுக்கச் சுமையோடு நடந்தால் பாதம் வீங்கும், அதனால் ஷூவை ஓர் அளவு பெரிதாக வாங்கவேண்டும். ஒரு ஜோடி சுமார் 500 மைல் தாங்கும், ஆகவே மொத்தப் பயணத்துக்கு நாலைந்து ஜோடி. பென்சில்வேனியாவில் வடபாதிப் பாதை முழுக்கக் கூர்ங்கற்கள், அங்கே இன்னும் சீக்கிரம் தேயும்.

சாப்பாடு. மூன்று முதல் ஐந்து நாளுக்கு வேண்டியதைச் சுமப்பார்கள், நாளுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாது. ஊர் வந்ததும் மறுபடி வாங்குவார்கள். ஓட்ஸ், டார்ட்டியா, வேர்க்கடலை வெண்ணெய், சீஸ், ராமென், உடனடி உருளைக்கிழங்கு மசியல், சாக்லேட். சைவத்துக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. நம் வீட்டு ரவா உப்புமா மிக்ஸ், அவல், பருப்புப் பொடி, புளியோதரைப் பொடி எல்லாம் இந்தப் பாதைக்கென்றே செய்தது மாதிரி. எடை குறைவு, கெடாது, அவலுக்கு வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் போதும், எரிவாயு மிச்சம். நெய்யைச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொள்ளட்டும், அந்தக் குளிரில் நெய் பெரிய பலம். ஆனால் ஒன்று. நாளுக்கு நாலாயிரம் கலோரிக்கு மேல் செலவாகும், அவ்வளவையும் சுமந்துகொண்டு போக முடியாது. நாலைந்து வாரத்தில் அடங்காத பசி ஒன்று பிடித்துக்கொள்ளும். அவள் மெலிவாள். படத்தைப் பார்த்து உங்கள் மனைவி பயந்துவிடக்கூடாது என்று இப்போதே சொல்கிறேன்.

இனி இரவு. வழிநெடுக 250க்கும் மேற்பட்ட ஷெல்டர்கள் உண்டு. மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு, மரப்பலகைத் தரை, அவ்வளவுதான். இடம் இல்லையென்றால் பக்கத்தில் கூடாரம் அடிக்கலாம். அங்கே நிஜமான தொல்லை எலி. விட்டத்திலிருந்து கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துக் கோர்த்து, அதற்குக் கீழே குச்சி கட்டியிருப்பார்கள். முதுகுப்பையை அந்தக் குச்சியில் மாட்டவேண்டும். கயிறு வழியாக இறங்கும் எலி டப்பாவில் வழுக்கிக் கீழே விழும். இது எலிக்கு மட்டும்தான். உணவுப் பையை இங்கே விடக்கூடாது, அது கரடிக்கு எட்டாத இடத்துக்குப் போகவேண்டும்.

கரடி கேட்டீர்கள். அங்கே இருப்பது கருங்கரடி மட்டும்தான். அதற்கு வேண்டியது உணவு. உணவு, பற்பசை, சோப்பு என்று வாசனை உள்ள எல்லாவற்றையும் கட்டிப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்கவேண்டும், இரும்புப் பெட்டி இருந்தால் அதில், பையை உயரத் தொங்கவிடக் கம்பி இருந்தால் அதில். ஜார்ஜியாவில் ஜாரர்ட் கேப், நீல் கேப் என்ற இரண்டு கணவாய்களுக்கும் நடுவே மார்ச் முதல் மே முடிய இரவு தங்க, கரடி உடைக்க முடியாத டப்பா கட்டாயம். ஒன்று வாங்கி வழி முழுக்க வைத்துக்கொள்ளட்டும். ஒரு கிலோ கூடும், பரவாயில்லை. மனித உணவின் ருசி கண்ட கரடியைக் கடைசியில் பல சமயம் கொல்லவேண்டி வருகிறது. டப்பா அவளையும் காக்கும், கரடியையும் காக்கும்.

கரடியைவிட நான் பயப்படுவது உண்ணிக்கு. கசகசா அளவுதான் இருக்கும், லைம் நோயைக் கொண்டுவரும். பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, நியூ யார்க், கனெக்டிகட் பக்கம் மிக அதிகம். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் கடித்துக்கொண்டிருந்தால்தான் நோய் தொற்றும். தினமும் படுக்குமுன் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பார்த்தால் தப்பிக்கலாம். துணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடித்துக்கொள்ளவேண்டும். காய்ச்சலோ வட்டமான சிவப்புத் தடிப்போ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.

கழிப்பறை பெரும்பாலான ஷெல்டர்களில் உண்டு. பல இடங்களில் போய்வந்த பிறகு ஒரு கைப்பிடி மரத்தூள் போடவேண்டும். இல்லாத இடத்தில் தண்ணீரிலிருந்து எழுபது தப்படி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குலக் குழி. கையை சோப்புப் போட்டுத்தான் கழுவவேண்டும், வயிற்றைக் கலக்கும் நோரோ வைரஸ் சானிடைசருக்கு எளிதில் சாகாது. குளியல் ஊரில்தான், நாலைந்து நாளுக்கு ஒருமுறை. ஊர் நாளில் நடப்பவர்களைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். துணி முழுவதும் வாஷிங் மெஷினில் இருப்பதால் மழைக்கோட்டும் மழைப் பேண்ட்டுமாக லாண்டிரியில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் தின்றுகொண்டிருப்பார்கள். காசு கரைவதும் இங்கேதான். காட்டில் பெரிதாகச் செலவு கிடையாது. அறை, ஓட்டல், ‘இன்னும் ஒருநாள் தங்கலாம்’ என்று ஊரில் போகிறது.

சலிப்பு வர்ஜீனியாவில் வரும். அந்த ஒரு மாநிலம் மட்டும் சுமார் 550 மைல், பாதையில் கால்வாசி. கோடையில் தலைக்கு மேல் இலை மூடிவிட, மலையே கண்ணுக்குத் தெரியாது. தினமும் அதே பச்சை, அதே வியர்வை. அங்கிருந்து அவள் அழுதுகொண்டு ஃபோன் செய்தால் ‘வந்துவிடு’ என்றும் சொல்லாதீர்கள், ‘விடாதே’ என்றும் சொல்லாதீர்கள். என்ன சாப்பிட்டாய், கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒருநாள் ஊரில் தங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து முடிவு செய்யட்டும்.

தனியாகப் போகிறாளே என்கிறீர்கள். மார்ச்சில் ஜார்ஜியாவில் அவள் தனியாக இருக்க விரும்பினாலும் முடியாது, அத்தனை பேர் கிளம்புகிறார்கள். ஒரே வேகக்காரர்கள் தாமாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்து, மாதக்கணக்கில் ஒன்றாக நடப்பார்கள். இருந்தாலும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாங்கிக்கொடுங்கள். இன்றிரவு எங்கே தங்குகிறேன் என்று அன்றன்றே பொதுவில் போடவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

அவள் கண்ணில் படாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். 1921-ல் பென்டன் மெக்கே என்ற வனவியலாளர் முன்வைத்த யோசனை, 1937-ல் முழுப் பாதையானது. இன்றைக்கும் அதைப் பராமரிப்பது பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். விழுந்த மரத்தை அறுப்பது, பட்டைக்கு வெள்ளை அடிப்பது, கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்வதுவரை அவர்கள் வேலை. உங்கள் மாநிலத்தில் நியூ யார்க் – நியூ ஜெர்சி ட்ரெய்ல் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பு இதைச் செய்கிறது. மெய்னில் கென்னபெக் ஆற்றில் மேலே உள்ள அணையிலிருந்து எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று தெரியாது, இறங்கிக் கடப்பது ஆபத்து. அதனால் நடைபருவத்தில் ஒரு சின்னப் படகு இலவசமாக ஏற்றிப்போகும். அதன் தரையில் வெள்ளைப் பட்டை அடித்திருக்கும், அந்தப் படகும் பாதைதான்.

1955-ல் இந்தப் பாதையை ஒரே பயணத்தில் தனியாக நடந்து முடித்தார் எம்மா கேட்வுட். வயது 67, பதினொரு பிள்ளைகள் பெற்றவர். கூடாரம்கூட இல்லை. சாதாரண கான்வாஸ் ஷூ, கையால் தைத்த ஒரு துணிப்பை, போர்வை, மழைக்குக் குளியலறைத் திரை. உங்கள் மனைவிக்கு இதைச் சொல்லுங்கள். அவரிடம் இருந்தது கருவி அல்ல, பல வருடம் வீட்டையும் பண்ணையையும் கட்டியாண்ட பழக்கம்.

என்னைக் கேட்டால் அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்று செய்யட்டும். இந்த இலையுதிர் காலத்தில், மழை என்று சொன்ன வாரமாகப் பார்த்து, பாதை உங்கள் மாநிலத்துக்குள் நுழையும் டெலவேர் வாட்டர் கேப்பில் ஏறி ஹை பாயிண்ட் வரை மூன்று நான்கு நாள் நடக்கட்டும். உங்கள் மாநிலத்தில் பெரும்பாலும் குறித்த இடத்தில்தான் தங்கலாம், இந்தப் பாதையில் நெருப்பு மூட்டத் தடை. ஈரக் கூடாரத்தை மடிப்பது, இருட்டில் சமைப்பது, அலுப்போடு உண்ணி தேடுவது எல்லாம் அதில் வந்துவிடும். முடித்து வந்ததும் போவதா வேண்டாமா என்று அவளே சொல்வாள். முடிந்தால் முதல் இரவு நீங்களும் கூடப் போங்கள்.

அப்புறம், பார்சல். எல்லா ஊருக்கும் அனுப்பாதீர்கள், இரண்டு மாதத்தில் நாக்கு மாறிவிடும், ஒரே பொடியைக் கண்டாலே வெறுக்கும். கடை இல்லாத சின்ன ஊர்களுக்கு மட்டும், அவள் கேட்ட பிறகு அனுப்புங்கள். அஞ்சலகத்துக்கு அனுப்பினால் பெயரோடு ‘ஜெனரல் டெலிவரி’ (அஞ்சலகத்திலேயே வைத்திருந்து கொடுக்கும் முறை) என்றும், வந்து சேரும் உத்தேசத் தேதியும் மேலே எழுதவேண்டும். சனி, ஞாயிறு குறுக்கே வராமல் பார்த்து அனுப்புங்கள், சின்ன ஊர் அஞ்சலகம் சனி மதியம் மூடினால் திங்கள்வரை அவள் காத்திருக்கவேண்டும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ டெலவேர் வாட்டர் கேப் வந்துவிடுவாள், உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பெரிய பாத்திரத்தில் எடுத்துப்போங்கள். கூட நடக்கும் ஏழெட்டுப் பேருக்கும் சேர்த்து எடுங்கள், புது ஷூவை மறந்துவிடாதீர்கள்.