கருவிப் பெட்டி: பழைய துப்பாக்கித் தொலைநோக்கியும் அதன் புதிய நகலும்

சென்ற இதழில் பழைய இருகண் நோக்கிகளைப் பழுதுபார்ப்பது பற்றி எழுதியபோது, போர்க்காலத் துப்பாக்கித் தொலைநோக்கிகளை இப்போது புதிதாகவே செய்து விற்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மண்ணடியில் கண்ணாடிக் கருவிகளைக் கழற்றிப் பூட்டியே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்தவர். அவருடைய பதக்கங்களோடு, அக்காலத்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கி ஒன்றையும் கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க விரும்புகிறேன். அசலின் விலை எங்கள் கைக்கு எட்டாது. நகலை வைத்தால் அது தாத்தாவின் நினைவுக்குச் செய்யும் பொய்யாகிவிடுமோ என்று அம்மா தயங்குகிறார். (ஒரு வாசகர், ராயபுரம்)

பதில்: உங்கள் அம்மாவின் தயக்கம் மதிக்கத்தக்கது, ஆனால் பொய் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால் அது நீங்கிவிடும். நகல் செய்வது நேர்மையான தொழில். நகலின் அருகில் 'புதிதாகச் செய்யப்பட்ட மாதிரி' என்று ஒரு சிறு அட்டை எழுதி வைத்தால் அதில் யாரும் குறை காண முடியாது. அந்த அட்டையை எடுத்துவிட்டு, பழைய எண்ணையும் அரசு முத்திரையையும் அதன் மேல் பொறித்து, அசல் என்று காட்டும்போதுதான் குற்றம் வருகிறது.

நீங்கள் தேடும் தொலைநோக்கியின் பெயர் 32-ஆம் எண் தொலைநோக்கி. இது முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது. பிறகே, 1942 வாக்கில், நான்காம் எண் லீ-என்ஃபீல்டின் குறிபார்ப்போருக்கான வகைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. தொலைப் பொருளை மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மேல் குமிழைத் திருப்பி ஆயிரம் கஜம் வரை தூரத்தை அமைக்கலாம். முதல் வகையில் குமிழின் ஒவ்வொரு சொடுக்கும் 50 கஜம். படைவீரர்கள் அது போதிய நுட்பமில்லை என்று கண்டதால், பின்னர் வந்த வகைகளில் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு கோண நிமிடமாக, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காக, மாற்றப்பட்டது. துப்பாக்கியோடு தொலைநோக்கியைப் பொருத்திச் சரிபார்க்கும் வேலையின் பெரும்பகுதியை லண்டனின் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் செய்தது. ஒவ்வொரு தொலைநோக்கியின் எண்ணும் அதற்குரிய துப்பாக்கியின் மரக்கட்டைக் கழுத்தில் அடிக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று பழகிய அந்த இணையைப் பிரித்தால் குறி தவறும் என்பதே காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தகைய தொலைநோக்கி எல்லாச் சிப்பாய்களுக்கும் கொடுக்கப்பட்டதில்லை. குறிபார்ப்பதில் தனிப் பயிற்சி பெற்ற சிலருக்கே கிடைத்தது. தாத்தாவின் படைப்பதிவேட்டில் அப்படி ஒரு குறிப்பு இல்லையென்றால், அட்டையில் 'தாத்தா பயன்படுத்திய வகை' என்று எழுதாமல் 'அவர் காலத்துப் படையில் இருந்தது' என்று மட்டும் எழுதுங்கள். பேழைக்குள் மரத்தில் செய்த மாதிரித் துப்பாக்கி வைத்தால் போதும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் உறுப்புகளையும் ஆயுதம் என்றே கொள்வதால், அழகுக்காகக்கூட உண்மையான குழாயையோ விசைப்பகுதியையோ வாங்கி வராதீர்கள்.

கேள்வி: சோவியத் ராணுவத்தின் பி.யு. தொலைநோக்கி ஒன்று, ஒரிஜினல் என்று சொல்லி என்னிடம் விலைக்கு வந்திருக்கிறது. நட்சத்திர முத்திரை, எண், தேய்ந்த கறுப்புப் பூச்சு எல்லாம் இருக்கின்றன. டூப்ளிகேட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: முத்திரையையும் தேய்மானத்தையும் கடைசியில் பாருங்கள்; ஏனென்றால் ஏமாற்ற நினைப்பவர் முதலில் கை வைப்பது அந்த இரண்டிலும்தான். கறுப்பு மேற்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து 80 ஆண்டு முதுமையை ஒரு மாலைப்பொழுதில் வரவழைத்துவிடலாம். கண்ணாடியை அவ்வளவு எளிதாகப் பழையதாக்க முடியாது.

தொலைநோக்கியை வீட்டுக் குழல்விளக்கின் கீழ் பிடித்து, முன் லென்ஸில் விளக்கின் பிம்பங்கள் என்ன நிறத்தில் தெரிகின்றன என்று பாருங்கள். பூச்சில்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு தொலைநோக்கியில் அப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால், உள்ளே நுழைந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்து சேராமலே வீணாகும். அதைத் தடுக்கும் மெல்லிய பூச்சை 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா என்பவர் உருவாக்கினார். போர் முடியும்வரை அது எல்லாக் கருவிகளுக்கும் எட்டவில்லை. ஆகவே பூச்சில்லாத பழைய லென்ஸில் பிம்பங்கள் வெள்ளையாகத் தெரியும், ஒற்றைப் பூச்சு கொண்டதில் நீலமும் ஊதாவும் கலந்து தெரியும், பிற்காலத்தில் வந்த பல அடுக்குப் பூச்சில் பச்சைச் சாயல் மேலோங்கித் தெரியும். பச்சை தெரிந்தால் அந்தக் கண்ணாடி 1940-களைச் சேர்ந்ததன்று என்று துணிந்து சொல்லலாம். நீலம் தெரிந்தால் மட்டும் அவசரப்பட்டு நகல் என்று ஒதுக்காதீர்கள். பழைய கருவி பிற்காலத்தில் பட்டறைக்குப் போய் லென்ஸ் மாற்றப்பட்டும் இருக்கலாம்.

அடுத்து, கண்ணை வைத்துக்கொண்டே குமிழ்களைத் திருப்புங்கள். பி.யு. வகையில் படம் மூன்றரை மடங்கு பெரிதாகும். நடுவில் கூர்முனைக் கம்பமும் இருபுறமும் தடித்த கோடுகளும் இருக்கும். மேல் குமிழில் 1 முதல் 13 வரையுள்ள எண்கள் நூறு மீட்டர் கணக்கைக் குறிப்பவை. குமிழைத் திருப்பினால் அந்தக் கம்பம் வட்டத்தின் நடுவைவிட்டு மேலும் கீழுமாக நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிற்காலத் தொலைநோக்கிகளில் உட்குழாய் முழுவதுமே அசைவதால், கம்பி எப்போதும் நடுவிலேயே நிற்பதுபோலத் தோன்றும். கம்பி நடுவிலேயே நின்றால், பழைய உடலுக்குள் புதிய உறுப்பு இருக்கிறது என்று பொருள். சில நல்ல நகல்கள் பழைய அமைப்பையே அப்படியே பின்பற்றியிருப்பதால், கம்பி நகர்வதை மட்டும் வைத்து அசல் என்று முடிவுகட்டக் கூடாது.

இப்போது பூதக்கண்ணாடியால் எழுத்துகளைப் பாருங்கள். அச்சு அடித்த எண்ணைச் சுற்றி உலோகம் சற்றுப் பிதுங்கி நிற்கும். எண்களின் ஆழமும் வரிசையும் ஒரு சீராக இருப்பதில்லை. லேசரால் எழுதியது ஆழம் குறைந்து, அடிப்பரப்பு கருகியது போல் ஒரே சீராக இருக்கும்.

இதை நான் பட்டே கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் பிரிட்டிஷ் படைக் கருவி என்று சொல்லப்பட்ட ஒன்றை, பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதைக் காட்டும் அகன்ற அம்பு முத்திரையைப் பார்த்த மகிழ்ச்சியில் ஒரு மாத வருமானத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன். துடைப்பதற்காகத் திறந்தபோது ஒரு திருகு கீழே விழுந்து காணாமற்போனது. மாற்றுத் திருகு தேடினேன். பெட்டியில் இருந்த, பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவுத் திருகு எதுவும் ஏறவில்லை, இப்போதைய மூன்று மில்லிமீட்டர் திருகு வெண்ணெயில் இறங்குவது போல் ஏறியது. அக்காலப் பிரிட்டிஷ் நுண்கருவிகளில் வழக்கமாக இருந்த பி.ஏ. திருகின் புரிக்கோணம் (மரைப் பள்ளத்தின் கோணம்) 47.5 பாகை, இன்றைய மெட்ரிக் திருகின் கோணம் 60 பாகை. முத்திரை பொறித்தவர் திருகை மறந்துவிட்டார். அந்தத் தொலைநோக்கி இன்றும் என்னிடம் இருக்கிறது. பட்டறைக்கு வரும் இளைஞர்களிடம் முதலில் அதைத்தான் கொடுத்துத் திறக்கச் சொல்கிறேன்.

விற்பவர் உங்களைத் திருகு ஒன்றைக் கழற்றிப் பார்க்கவோ, வேறொருவரிடம் காட்டவோ விடவில்லையென்றால் பணத்தோடு வீடு திரும்புங்கள்.

கேள்வி: என் காற்றுத் துப்பாக்கியில் பழைய மாடல் ஸ்கோப்பின் நகலைப் பொருத்தினேன். இருநூறு குண்டுகூடச் சுட்டிருக்க மாட்டேன்; உள்ளே குறுக்குக் கம்பி சாய்ந்துவிட்டது. பத்து மீட்டரில் படமும் மங்கலாகவே இருந்தது. பொருள் மட்டமா, என் தவறா? (ஒரு வாசகர், பெரம்பூர்)

பதில்: உங்களுடையது சுருள்வில் வகைத் துப்பாக்கி என்று நினைக்கிறேன். வெடிமருந்துத் துப்பாக்கி சுடும்போது பின்னோக்கி உதைக்கும். அதைத் தாங்குமாறுதான் அந்தப் பழைய வடிவங்கள் உருவாயின. வில் துப்பாக்கியில் உலக்கை (பிஸ்டன்) விடுபடும்போது துப்பாக்கி பின்னால் போகிறது, உலக்கை முனையில் போய் முட்டும்போது அதே நொடியில் முன்னால் இழுக்கப்படுகிறது. இந்த இரட்டை உதைக்கு லென்ஸையும் கம்பியையும் இருபுறமும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அதற்கென்று செய்யப்படாத தொலைநோக்கி, அசலோ நகலோ, விலை கூடியதோ குறைந்ததோ, நாளடைவில் விட்டுக்கொடுத்துவிடும். மங்கலுக்குக் காரணம் வேறு: படைத் தொலைநோக்கிகள் நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள பொருளுக்காகக் குவியம் நிலைநிறுத்தப்பட்டவை. பத்து மீட்டரில் படம் தெளியாது. தலையைச் சற்று அசைத்தாலே கம்பி இலக்கின் மேல் நகர்வது போலவும் தெரியும். வில் துப்பாக்கிக்கு உகந்தது என்று செய்தவரே குறிப்பிட்டிருக்கும், முன்பக்கம் குவியம் மாற்றக்கூடிய தொலைநோக்கியை வாங்குங்கள். பத்து மீட்டர் போட்டிக்குத் தயாராகிறீர்கள் என்றால் அதுவும் வேண்டாம். பன்னாட்டு விதிகளின்படி நடக்கும் அந்தப் போட்டியில் பெரிதாக்கும் தொலைநோக்கிக்கு இடமில்லை, சிறு துளை வழியே பார்த்துக் குறிவைக்கும் துளைக்குறியில்தான் பழக வேண்டும்.

கேள்வி: மீன்பிடி படகு வைத்திருந்த எங்கள் பெரியப்பா விட்டுச்சென்ற பித்தளைத் தொலைநோக்கியில் 'கெல்வின் அண்டு ஹியூஸ், லண்டன், 1917' என்று இருக்கிறது. முதல் உலகப் போரில் பயன்பட்டதாக இருக்குமா? (ஒரு வாசகி, காசிமேடு)

பதில்: இருக்காது, அம்மா. அந்தப் பெயரில் இரு நிறுவனங்கள் இணைந்தது 1947-இல். 1917-இல் அப்படி ஒரு பெயரே இல்லை. இந்த வாசகம் பொறித்த அலங்காரத் தொலைநோக்கிகள் உலகெங்கும் விற்கப்படுகின்றன. பெரியப்பா அதைக் கடலில் எடுத்துச் சென்றிருந்தால், அது ஒன்றே வைத்துக்கொள்ளப் போதுமான காரணம். விற்க மட்டும் முயன்று மனம் வருந்தாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருக்கும் 1944-ஆம் ஆண்டுத் தொலைநோக்கி தொல்பொருள் ஆகுமா, பதிவு செய்ய வேண்டுமா? (ஒரு வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இத்தகைய பொருள்களுக்கு வைத்திருக்கும் எல்லை நூறு ஆண்டுகள், உங்களுடையது அதை இன்னும் எட்டவில்லை. முதல் உலகப் போர்க் காலத்து அசல் வைத்திருப்பவர்கள் அதை வெளிநாட்டுக்கு விற்கவோ அனுப்பவோ எண்ணினால் இந்தச் சட்டம் குறுக்கே வரும் என்பதை நினைவில் கொள்ளட்டும்.

கேள்வி: கடலிலிருந்து நான்கு தெரு தள்ளி எங்கள் வீடு. தோல் உறையிலேயே பத்திரமாக வைத்திருந்த அசல் தொலைநோக்கியின் லென்ஸில் சிலந்தி வலை போலப் படர்ந்திருக்கிறது. அதே அலமாரியில் இருக்கும் நகலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்? (ஒரு வாசகர், திருவொற்றியூர்)

பதில்: அது பூஞ்சை. நீங்கள் பத்திரம் என்று நம்பிய தோல் உறையே அதை வளர்த்திருக்கிறது; தோல் நம் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே உணவும் ஆகும். இன்றைய நகல்களில் பலவற்றைக் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பி, ரப்பர் வளையத்தால் அடைத்து விடுகிறார்கள். உள்ளே ஈரம் புகுவதில்லை. பழையவை கொழுப்பும் மெழுகும் கலந்த அடைப்பை நம்பியிருந்தவை. அந்த அடைப்பு இத்தனை ஆண்டுகளில் காய்ந்து வெடித்திருக்கும், ஒவ்வொரு மழைக்காலத்திலும் கருவி ஈரக்காற்றை உள்ளிழுத்திருக்கும்.

படர்ந்தது வெளிப்பரப்பில் என்றால், மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, லென்ஸ் துடைக்கும் திரவத்தை மெல்லிய துணியில் நனைத்து நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். பற்பசை, விபூதி என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதி போட்டுப் பளபளப்பாக்கிய லென்ஸ்களை நான் கண்ணீரோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். உட்புறத்தில் என்றால் நீங்களாகத் திறக்க வேண்டாம். அக்காலத்தில் இரண்டு லென்ஸ்களைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டினார்கள். வயதான பிசின் மஞ்சளாகி விளிம்பிலிருந்து பிரியும், அதுவும் பார்ப்பதற்குப் பூஞ்சை போலவே இருக்கும். கரைப்பான் பட்டால் பிசின் இளகி லென்ஸின் நடு மையம் தவறிவிடும். கைதேர்ந்தவரிடம் காட்டி, எது பூஞ்சை, எது பிசின் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பூஞ்சை கண்ணாடியை அரித்திருந்தால் தடம் நிற்கும். அதற்காக லென்ஸை மாற்றாதீர்கள், மாற்றினால் அசலின் ஒரு பகுதி போய்விடும்.

துடைத்து வந்த பிறகு தோல் உறையைத் தனியாக வையுங்கள். மூடி இறுக்கமான சமையலறை டப்பா ஒன்றில், துணிப்பையில் கட்டிய சிலிக்கா ஜெல்லோடு தொலைநோக்கியை வைத்து, ஜெல்லின் நிறம் மாறும்போதெல்லாம் அதை மட்டும் வெளியே எடுத்து அடிகனமான வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடுங்கள். அந்த வாணலியைப் பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நிறத்தை வாரம் ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள்.