பேர் வைக்கலாம், சோறு வைக்கக் கூடாது

கேள்வி: புளோரிடாவில், டாம்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் குளம், குளத்தில் ஒரு முதலை. பக்கத்து வீட்டுக்காரர் அதற்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார். “இந்த மாச வாடகை தந்துச்சா?” என்று கேட்டுச் சிரிக்கிறார். எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பேரனோ மீந்த இட்லியைப் போடலாமா என்கிறான். நான்தான் பயந்தாங்கொள்ளியா?

பதில்: இல்லை அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவர்கள் சிரிப்பதும் விவரம் தெரியாமல் இல்லை. புளோரிடாவில் சுமார் 13 லட்சம் அலிகேட்டர் முதலைகள் உண்டு. நம் மாவட்டம் போன்ற அங்குள்ள 67 கவுண்டிகளில் ஒன்றுகூட விலக்கில்லை. புளோரிடா பல்கலைக்கழக விளையாட்டு அணியின் பெயரே ‘கேட்டர்ஸ்’, அதாவது அலிகேட்டர்கள்தான். தினமும் பார்க்கிற பயத்தைக் கேலி பேசித்தான் பழக்கிக்கொள்ள முடியும். நீங்களும் தாராளமாகச் சிரியுங்கள்.

அது வாயைப் பிளந்தபடி வெயிலில் கிடந்தால் பசி என்று நினைத்து நடுங்க வேண்டாம். உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

என்னைக் கவலைப்படுத்துவது அந்த இட்லிதான். ஆளைக் கண்டால் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் நழுவுவது முதலையின் இயல்பு. நாலு தடவை தின்ன ஏதாவது விழுந்தால் அந்தக் கூச்சம் போய்விடும். அப்புறம் யார் கரையில் நின்றாலும், இரண்டு கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, நேராக அவர்களை நோக்கி வரும். அங்கே முதலைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். நாலடிக்கு மேல் வளர்ந்த முதலை ஆபத்தானது என்று புகார் போனால் ஆள் வந்து பிடித்துப்போவார். பெரும்பாலும் வேறு குளத்தில் விடமாட்டார்கள், கொன்றுவிடுவார்கள். பேரனிடம் இதை அப்படியே சொல்லுங்கள். பேர் வைத்த முதலை சாக வேண்டும் என்று எந்தக் குழந்தையும் நினைக்காது.

அப்புறம், பொழுது சாய்ந்தால் குளக்கரைப் பக்கம் போகாதீர்கள். அதன் வேட்டை நேரம் அதுதான். பகலிலும் குழந்தையையோ நாயையோ தண்ணீர் ஓரம் விடவேண்டாம். முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீரை விட்டு விலகி நேராக ஓடினால் போதும், நிலத்தில் அதனால் வெகுதூரம் துரத்த முடியாது. மாநில வனவிலங்கு ஆணையம் முதலைப் புகாருக்கென்றே தொலைபேசி எண் வைத்திருக்கிறது. மகனிடம் சொல்லி உங்கள் போனில் பதிந்து வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி வாடகை பற்றிக் கேட்டால், “பாக்கி இருக்கு, வசூலுக்கு நான் போகமாட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள்.