செய்தி கேட்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே தோட்டத்துச் செம்பனை ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 43. ஓவர்டைமோடு சேர்த்து 3,600 ரிங்கிட் சம்பளம். மனைவிக்குத் தொழிற்சாலையில் 1,700. வீட்டுக் கடன் 780, கார் தவணை 610. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் விழுந்துகொண்டே போனபோது, மனைவியின் வளையல்களை 6,000 ரிங்கிட்டுக்கு அடகு வைத்து, கையிருப்பையும் சேர்த்து 4.80 விலையில் 2,000 அமெரிக்க டாலர் வாங்கி பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். செப்டம்பர் கடைசியில் 4.12க்கு விற்று வளையல்களை மீட்டேன். 2025 ஏப்ரலில் அமெரிக்காவும் சீனாவும் வரி மேல் வரி போட்டபோது, 6 விழுக்காடு நிலை வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு 30,000 தனிநபர் கடன் எடுத்துத் தங்கக் கட்டி வாங்கினேன். எட்டுத் தவணை கட்டிவிட்டேன். இப்போது கடையில் 33,500 தருவதாகச் சொல்கிறார்கள். அடுத்து உலகப் போர்தான், டாலர் செல்லாக் காசாகிவிடும் என்கிறார் மச்சான். மாதந்தோறும் ஹிபா (அன்பளிப்புத் தொகை) தரும் தங்கத் திட்டத்தில் சேர இன்னொரு 40,000 கடன் எடுக்கச் சொல்கிறார். அதில் பாதி அவருக்கு. அவர் பெயரில் வங்கி கொடுக்காது. இரவில் தூக்கம் வருவதில்லை. எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். தங்கம் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி உங்களுக்கு நான் வகுப்பு எடுக்கப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் என் கண்ணில் பட்டது ஒன்றுதான்: உலகச் செய்தி ஒன்று உங்களைப் பயமுறுத்துகிறது, உடனே நீங்கள் கடன் வாங்குகிறீர்கள். முதலில் அடகுக் கடை, பிறகு வங்கி, இப்போது மச்சானுக்கும் சேர்த்து இன்னொரு வங்கி. வாங்கும் பொருள் டாலரிலிருந்து தங்கத்துக்கு மாறியிருக்கிறது, வழக்கம் மாறவில்லை.

முதலில் டாலர் கணக்கு. 2,000 டாலருக்கு நீங்கள் கொடுத்தது 9,600 ரிங்கிட். விற்றபோது கிடைத்தது 8,240. நட்டம் 1,360. அடகு வட்டி மாதம் 2 விழுக்காடு என்றால் 6,000க்கு மாதம் 120, ஏழு மாதத்துக்கு 840. ஆக 2,200 ரிங்கிட் போயிற்று. 1998க்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு கீழே இறங்கியது அந்த பிப்ரவரியில்தான். எல்லாரும் அச்சத்தின் உச்சியில் நின்ற வாரத்தில் வாங்கினீர்கள். அச்சம் முழுதாகத் தெளிந்த வாரத்தில் விற்றீர்கள்.

இரண்டாவது, தங்கக் கணக்கு. இதில் லாபம் பார்த்தோம் என்று நீங்கள் நம்புவதால்தான் மச்சானின் பேச்சு எடுபடுகிறது. 30,000க்கு 6 விழுக்காடு நிலை வட்டி என்றால் ஆண்டுக்கு 1,800, ஏழு ஆண்டுக்கு 12,600. மாதத் தவணை 507. முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கும் போடப்படுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தரை விழுக்காடு. எட்டுத் தவணையில் 4,056 கட்டியிருக்கிறீர்கள். ஆனால் ஆரம்ப மாதங்களில் பெரும்பங்கு வட்டிக்கே போவதால், இன்று கடனைத் தீர்க்கப் போனால் சுமார் 28,200 கேட்பார்கள். தங்கத்தை 33,500க்கு விற்று அதைக் கட்டினால் மீதி 5,300. அதில் நீங்கள் கட்டிய 4,056ஐக் கழித்தால் கைக்கு வரும் லாபம் ஏறக்குறைய 1,250 ரிங்கிட். உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டிய அபூர்வமான ஆண்டு 2025. அந்த ஆண்டிலேயே கடன் எடுத்து வாங்கியவருக்கு மிஞ்சியது இவ்வளவுதான். டாலரில் விட்டதைக் கழித்தால் அதுவும் இல்லை. தங்கம் டாலரில் ஏறியபோது டாலர் 4.45 அளவிலிருந்து 4.10 அளவுக்கு இறங்கியதும் உங்கள் லாபத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது.

அடுத்த ஆண்டு தங்கம் ஏறக்குறைய ஒன்பது விழுக்காட்டுக்குக் குறைவாக ஏறினால் அந்த ஆண்டின் கடன் வட்டிக்கே அது போதாது. சும்மா நின்றாலும் நட்டம்தான். 2025 அக்டோபரில் ஒரே நாளில் அது 5 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைவிட நீண்ட பாடம் ஒன்று உண்டு. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. ஈரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணையாக இருந்தார்கள். அடுத்தது உலகப் போர்தான் என்று அன்றும் சொன்னார்கள். 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலரைத் தொட்டது. இரண்டரை ஆண்டுகளில் அது 300 டாலர் அளவுக்கு இறங்கியது. அந்த 850ஐ மறுபடி தாண்ட 2008 ஜனவரி வரை, 28 ஆண்டுகள் ஆயின. சொந்தப் பணத்தில் வாங்கியவர் பெட்டியில் பூட்டிவைத்துக் காத்திருக்கலாம். தவணை கட்டுகிறவரால் காத்திருக்க முடியாது.

மச்சான் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022இல் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேலை நாடுகள் முடக்கின. அதைப் பார்த்த பல நாடுகளின் மத்திய வங்கிகள் 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகளும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. மலேசியாவும் 2025 ஜனவரி 1 முதல் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா முதலிய நாடுகள் அடங்கிய பிரிக்ஸ் அமைப்பின் பங்காளி நாடாகியிருக்கிறது. ஆனால் உலக நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு 1999இல் 71 விழுக்காடாக இருந்தது; 58க்கு அருகில் வர 2024 ஆயிற்று. கால் நூற்றாண்டாக மெல்ல நடக்கும் மாற்றம் இது. அடுத்த மாதம் டாலர் செல்லாது என்று இதைக் காட்டிச் சொல்கிறவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார். மத்திய வங்கிகள் பல ஆண்டுகளாகச் சேர்த்த கையிருப்பில் தங்கம் வாங்குகின்றன. பத்தரை விழுக்காட்டுக் கடனில் வாங்குவதில்லை.

வல்லரசுகளின் உறவு எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் சீனப் பொருள்கள் மீது அமெரிக்கா 145 விழுக்காடு வரி போட்டது. சீனா 125 விழுக்காடு போட்டது. நீங்கள் கடன் தாளில் கையெழுத்திட்டது அந்த நாள்களில்தான். மே 12ஆம் தேதி ஜெனிவாவில் இருவரும் 30க்கும் 10க்கும் இறங்கி வந்தார்கள். மலேசியாவுக்கு 24 என்றார்கள், பிறகு 25 என்றார்கள், ஆகஸ்டில் 19இல் வந்து நின்றது. அக்டோபர் 26இல் டிரம்ப் கோலாலம்பூருக்கே வந்து வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டார். நான்கு நாள் கழித்து பூசானில் சீ ஜின்பிங்கைச் சந்தித்தார். உங்களைக் கடன் எடுக்க வைத்த செய்தி ஒரு மாதம்தான் உயிரோடு இருந்தது. கடன் 84 மாதம் இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் சம்பளமே உலக அரசியலை நம்பித்தான் இருக்கிறது. 2020 ஜனவரியில், காஷ்மீர் பற்றி அன்றைய பிரதமர் மகாதீர் பேசியதையொட்டி எழுந்த உரசலில், சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டபோது ஆலைகளில் என்ன பேச்சு இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2022இல் உக்ரேனின் சூரியகாந்தி எண்ணெய் வராமல் போக, செம்பனை எண்ணெய் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி மே மாதத்தில் மறுபடி திறந்தது. செப்டம்பரில் விலை பாதியாகிவிட்டது. கொரியப் போரின்போது ரப்பர் விலை ஏறி இறங்கிய கதையைத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லாரியில் வரும் செம்பனைக் குலை குறைந்தால் உங்கள் ஓவர்டைம் குறையும். 3,600 என்று நீங்கள் எழுதியதில் எவ்வளவு ஓவர்டைம் என்று தனியே பிரித்துப் பாருங்கள். வருமானம் எந்தச் செய்தியால் ஆடுகிறதோ, அதே செய்தியை நம்பிக் கடனும் எடுத்தால் இரண்டும் ஒரே நாளில் உங்கள் மேல் விழும்.

புதிய 40,000 கடனை 6.5 விழுக்காடு நிலை வட்டியில் ஒன்பது ஆண்டுக்கு எடுத்தால் தவணை 587. வீடு, கார், பழைய கடன் எல்லாம் சேர்ந்து மாதம் 2,484 ஆகும். இருவர் சம்பளமும் 5,300. நூறு ரிங்கிட்டில் 47 ரிங்கிட் சம்பள நாளன்றே போய்விடும். சேமநிதிப் பிடித்தம் போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்த வேண்டும்.

மச்சானின் திட்டத்தைப் பற்றி நான் பொறுமையாகப் பேச முடியாது. தங்கம் வட்டி போடுவதில்லை, குட்டி போடுவதில்லை. அதை வைத்துக்கொண்டு ஒருவர் மாதந்தோறும் ஹிபா தருகிறார் என்றால் அது பெரும்பாலும் அடுத்து வருகிறவரின் பணம். 2012 அக்டோபரில் இதே மாதிரி ஹிபா கொடுத்துவந்த பெரிய தங்க வணிக நிறுவனம் ஒன்றில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சோதனை நடத்தியபோது, சேமிப்பைப் போட்டவர்கள் வாசலில் நின்றார்கள். பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் சேர வேண்டாம். மச்சானின் பங்கான 20,000ஐ அவர் கட்டாத மாதம் வங்கி உங்களைத்தான் தேடி வரும். அவரிடம் கோபப்பட வேண்டாம். "என் பெயரில் இனிக் கடன் எடுப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்" என்று துணைவியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே முறை சொல்லுங்கள். காரணம் விளக்கப் போனால் அவர் இன்னொரு காணொளி காட்டுவார். அவருடைய பழைய கடன்கள் முட்டுகின்றன என்றால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை தருகிறார்கள், கூட்டிக்கொண்டு போங்கள். அதுதான் நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய உண்மையான உதவி.

இந்த வாரமே வங்கியில் கடன் தீர்வுத் தொகையை எழுத்தில் கேளுங்கள். தங்கத்தை இரண்டு மூன்று கடைகளில் எடை போட்டு விலை கேட்டு, நல்ல விலைக்கு விற்று, கடனை முழுதாக அடையுங்கள். முழுவதையும் விற்க மனம் வராவிட்டால், கடனைத் தீர்த்தபின் மிஞ்சும் 5,300க்கு உரிய தங்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அது கடனில்லாத தங்கம், போர் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுடையது. விடுபட்ட 507ஐ மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பு சேரும் வரை தனிக் கணக்கில் போடுங்கள். அதன்பின் ஊழியர் சேமநிதியில் சுயவிருப்பப் பங்களிப்பாகப் போடலாம். 2024க்கு அங்கே 6.30 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தார்கள். வெள்ளையர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், உங்கள் ஊர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில்தான் அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அதுவும் உலகம் புரண்டுகொண்டிருந்த நேரம்தான்.

தீர்வுத் தொகைக் கடிதம் வந்ததும், நான் சொன்ன 28,200க்கும் அதிலுள்ள தொகைக்கும் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கடன் ஒப்பந்தத்தின் நகலோடு எனக்கு அனுப்புங்கள். முன்கூட்டி அடைப்பதற்கு ஏதேனும் கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மச்சான் கொண்டுவரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.