20 வளைவு, 5 போல்ட்: அலாய் வீல் கேள்விகளுக்குப் பதில்

போன ஞாயிறு விடியற்காலை ஏற்காடு அடிவாரத்தில் டீ குடிக்க நின்றோம். எதிரே நின்ற வெள்ளைச் செடானின் முன் டயர் மட்கார்டில் உரசி உரசி ஓரம் பிய்ந்திருந்தது. ரிம் மட்டும் பளபளவென்று புதுசு. அங்கே ஆரம்பித்த பேச்சுதான் இது. "கேள்வியை எழுதி அனுப்புங்க, மொத்தமா பதில் சொல்லிடறேன்" என்றேன். சேலத்தில் இருபது வருடத்துக்கு மேல் டயர், அலைன்மென்ட் கடை வைத்திருந்தவன் நான். இப்போது கடை தம்பி மகனிடம், வாய் மட்டும் என்னிடம்.

ஓமலூரிலிருந்து: அண்ணா, என்னோடது ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ் 1.5 ஜிடி. கம்பெனி ரிம் 16 இஞ்ச். 18 போட்டாத்தான் எடுப்பா இருக்கும்னு கடையில சொல்றாங்க. போடலாமுங்களா?

உள்ளே நுழையும் தம்பி. ஆனா எத்தனை நாளைக்கு முழுசா இருக்கும்னு பாருங்க.

உங்க டயர் 205/55 R16. அதாவது அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 இஞ்ச். மொத்த உயரம் சுமார் 632 மி.மீ. 18 இஞ்ச் ரிம்முக்கு 215/40 R18 போட்டால் 629 வரும். உயரம் ஏறக்குறைய அதேதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. கடைக்காரர் இதைத்தான் காட்டுவார். அவர் காட்டாதது பக்கச்சுவர். 113 மி.மீட்டராக இருந்தது 86க்கு இறங்கிவிடும். குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பரும் உள்ளே இருக்கிற காற்றும்தான்.

நம்ம மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் திரும்பினால் ஓரம் ஒதுங்கியே ஆகணும். ஒதுங்குகிற இடத்தில்தான் தார் விளிம்பு உடைந்து கிடக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் நின்றால் குழியே தெரியாது. முதலில் நெளிவது ரிம்மின் உள்விளிம்பு. வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, வாரத்துக்கு ரெண்டு மூணு பிஎஸ்ஐ காற்று மட்டும் குறைந்துகொண்டே இருக்கும்.

17 போடுங்க, 205/50 R17. உயரம் 637, பக்கச்சுவர் 102. 215/45 R17 கூட உட்காரும், ஆனால் உயரம் 625க்கு இறங்குவதால் வேகத்தடையில் அடி தட்ட இன்னும் கொஞ்சம் வாய்ப்பு. இன்னொன்று, டயரில் லோடு இண்டெக்ஸ் பாருங்க. கம்பெனி டயரில் 91 என்று இருந்தால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 89 என்றால் 580தான். பழையதை விடக் குறைந்த எண் வேண்டவே வேண்டாம்.

அஸ்தம்பட்டியிலிருந்து: நண்பர் ஒருத்தர் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ரிம் நாலும் சல்லிசா தர்றேங்கறார். எனக்கும் வெர்டஸ்தான். ரெண்டும் ஒரே குடும்பம்தானே?

குடும்பம் ஒண்ணு, பிசிடி வேற. வெர்டஸ், ஸ்லேவியாவுக்கு 5x100. ஆக்டேவியாவுக்கு 5x112. முதல் எண் போல்ட் எத்தனை என்பது, அடுத்தது அந்த ஓட்டைகள் உட்காரும் வட்டத்தின் விட்டம், மி.மீட்டரில். நடு ஓட்டை ரெண்டுக்கும் 57.1தான், அதனால் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுக்குமிழில், அழகாகப் போய் உட்காரும், ஆசை காட்டும். போல்ட் மட்டும் ஏறாது. ஓட்டையை அகலப்படுத்தித் தருகிறேன் என்று எந்த லேத் பட்டறையில் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்க.

சீலநாயக்கன்பட்டியிலிருந்து: ஈடி 35, ஈடி 45ன்னு போட்டிருக்கே, அது என்னதுங்க? டயர் உரசறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

டீக்கடையில் பார்த்த அந்த வெள்ளை வண்டியின் கதையே இதுதான்.

ரிம்மை அகலவாட்டில் நேர்பாதியாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்க. அந்த நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ அதுதான் ஈடி, ஆஃப்செட். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ரிம் 6.5 இஞ்ச் அகலம், ஈடி 46. புதுசு 7.5 இஞ்ச், ஈடி 38. அகலம் ஒரு இஞ்ச் கூடியதில் பாதி உள்ளே, பாதி வெளியே, அதாவது பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஈடி 8 குறைந்ததால் முழு ரிம்மும் 8 மி.மீ. வெளியே நகரும். வெளிப்பக்கம் 12.7உம் 8உம் சேர்ந்து 20.7 துருத்தும். உள்பக்கம் 12.7இல் 8 போக 4.7 மி.மீ. ஷாக் அப்சார்பர் பக்கம் நெருங்கும். கடையில் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு பேப்பரில் இதைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

காலி வண்டியில் உரசாது. நாலு பேர் உட்கார்ந்து, பின்னால் பெட்டி ஏற்றி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றிப் பாருங்க. கொண்டை ஊசி வளைவில் வண்டி அப்படித்தான் சாயும். மட்கார்டு விளிம்பை மடக்கிவிடலாம் என்பார்கள். பெயின்ட் வெடிக்கும், ரெண்டு மழையில் துரு பிடிக்கும். ரிம்மைச் சரியாக வாங்கினால் மட்கார்டை ஏன் தொடணும்?

ஸ்பேசர், அதாவது சக்கரத்தை வெளியே தள்ள ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தட்டு பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள். ஸ்பேசர் எத்தனை மி.மீ. கனமோ, போல்ட்டும் அத்தனை மி.மீ. நீளம் கூடணும். 14 மி.மீ. கனமும் 1.5 மி.மீ. பிட்ச்சும் (மரைக்கு மரை இடைவெளி) உள்ள போல்ட் குறைந்தது ஏழரை சுற்றாவது உள்ளே ஏறவேண்டும். கையாலேயே சுற்றி எண்ணிப் பார்க்கலாம்.

ஐந்து ரோட்டிலிருந்து: புது ரிம் போட்டதிலிருந்து தொப்பூர் தாண்டி 90க்கு மேல போனா ஸ்டியரிங் நடுங்குது. மூணு தடவை பாலன்ஸிங் பண்ணியாச்சு சார்.

நாலாவது தடவை பண்ணாதீங்க. வெளியில் வாங்கும் ரிம் பல வண்டிக்கும் பொருந்தவேண்டும் என்பதற்காக நடு ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். 73.1 சாதாரணம். உங்க ஹப் 57.1 என்றால் இடையில் 16 மி.மீ. வெற்றிடம், பக்கத்துக்கு 8. போல்ட்டை முடுக்கும்போது ரிம் முடி கனம் விலகி உட்கார்ந்தாலும் போதும், வேகத்தில் ஆடும். பாலன்ஸிங் மெஷினில் நடுவில் கோன் வைத்துப் பிடிப்பதால் அங்கே எல்லாம் நேராகவே காட்டும், அதான் மூணு தடவையும் சரியென்று வந்தது.

73.1 வெளிவட்டம், 57.1 உள்வட்டம் உள்ள ஹப் ரிங் நாலு வாங்கிப் போடுங்க. பிளாஸ்டிக்கிலும் வரும், அலுமினியத்திலும் வரும். மலை இறக்கத்தில் பிரேக் சூடு ஏறும் நம்ம ஊருக்கு அலுமினியம் நல்லது. ஹப்பில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு மாட்டச் சொல்லுங்க.

கொண்டலாம்பட்டியிலிருந்து: பழைய போல்ட்டையே புது ரிம்முக்குப் போட்டுக்கலாமாண்ணா? தனியா எதுக்குச் செலவு?

இந்தக் கேள்விக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். என் பழைய ஜெட்டாவுக்கு ஆசைப்பட்டு ரிம் மாற்றினேன். கடையும் என்னோடது, கையும் என்னோடது. கம்பெனி போல்ட்டையே ஏற்றி ஏர் கன்னால் அடித்துவிட்டேன். ஏற்காடு போய் இறங்கும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம். கல் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். வளைவில் சத்தம் கூடியதும் ஓரம் நிறுத்திப் பார்த்தால், முன் இடது சக்கரத்தில் ரெண்டு போல்ட் விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரி. அவள் ஒன்றும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

காரணம் இதுதான். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கம்பெனி போல்ட்டின் தலைக்குக் கீழே உருண்டையாக இருக்கும். வெளி ரிம்மில் பெரும்பாலும் 60 டிகிரி கோன் குழி. கோன் குழியில் உருண்டை உட்கார்ந்தால் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே தொடும். முடுக்கும்போது இறுகின மாதிரி இருக்கும், ஓட ஓட இளகும். ஹோண்டாவிலும் கம்பெனி நட் உருண்டைதான், அங்கேயும் இதே கதை.

கோன் போல்ட் செட் வாங்குங்க. ரிம் வாங்கும் காசில் அது ஒரு பொருட்டே இல்லை. ஏர் கன் கழற்றுவதற்கு மட்டும். முடுக்குவது எத்தனை பலத்தில் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், நட்சத்திர வரிசையில், எதிரெதிராக. வெர்டஸ், ஸ்லேவியாவுக்கு 120 நியூட்டன் மீட்டர், மற்ற வண்டிக்காரர்கள் கையேட்டைப் பாருங்க. 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை.

ஏற்காட்டிலிருந்து ஒரு அக்கா: காத்து கீழ அடிக்கிறதா, மேல வந்து அடிக்கிறதா? மேல வந்தா கூடிப்போகும்னு வீட்ல பாதியைத் திறந்து விட்டுடறாங்க.

திறந்து விடச் சொல்லாதீங்க அக்கா. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 சொச்சம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் ரெண்டு பிஎஸ்ஐ கூடக் காட்டும், உண்மைதான். ஆனால் மேலே பத்து டிகிரி குளிர்ந்தால் கிட்டத்தட்ட அதே ரெண்டு பிஎஸ்ஐ இறங்கிவிடும். ஏறி வந்த உடனே டயர் சூட்டில் இருக்கும், அப்போது பார்க்கிற எண் கணக்கில் சேராது. விடிந்ததும் வண்டி எடுப்பதற்கு முன் அளந்து, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு வைத்தால் போதும்.

ஜங்ஷனிலிருந்து: ஃபோர்ஜ்டு ரிம் வாங்கினா நல்லதா? பிரேக்கும் நல்லாப் பிடிக்குமா?

ரிம் மாற்றுவதால் பிரேக்கின் பிடி அதிகமாகிவிடாது. பிடிப்பது பேட், டிஸ்க், கடைசியில் டயர். எடை குறைந்த ரிம் என்றால் குழியில் சக்கரம் சீக்கிரம் தரைக்குத் திரும்பும், வண்டி உதறாது, அவ்வளவுதான். 17 இஞ்ச் என்று சொல்லிக் கம்பெனி ரிம்மை விடக் கனமாக ஒன்றை மாட்டினால் இருந்ததும் போச்சு. கடைத் தராசில் ரெண்டையும் வைத்துப் பாருங்க, வெட்கப்படாதீங்க. ஃபோர்ஜ்டு என்றால் வார்க்காமல் உலோகக் கட்டியை அழுத்தி அடித்து உருவாக்குவது, எடை குறைவு, விலை கூட. சும்மா அச்சில் வார்த்தது விலை குறைவு, எடை கூட. வார்த்தபின் விளிம்பைச் சூட்டில் உருட்டி இழுக்கும் ஃப்ளோ ஃபார்ம்டு எடைக்கும் காசுக்கும் நடுவில் நல்ல இடம், நான் அதைத்தான் சொல்வேன். பின்பக்கம் ஐஎஸ்ஐ முத்திரையோ ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பான் தரக்குறியோ இருக்கணும், தாங்கும் எடையும் கிலோவில் பொறித்திருக்கணும். ஸ்டிக்கர் கணக்கில் வராது.

இறக்கத்தில் பிரேக் வாசனை வருகிறதென்றால் ரெண்டாவது கியரில் இறங்குங்க. ஆட்டோமேட்டிக் என்றாலும் மேனுவலுக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

தாரமங்கலத்திலிருந்து: ரிம் நெளிஞ்சு சின்னதா விரிசலும் இருக்கு. வெல்டிங் வெச்சுக்கலாமா?

நெளிவை எடுக்கலாம், அதுவும் லேசாக இருந்தால். விரிசல் விட்டது பழைய இரும்புக் கடைக்கு.

மெய்யனூரிலிருந்து: போலீஸ் பிடிப்பாங்களா? இன்சூரன்ஸ்?

டயர் பாடிக்கு வெளியே துருத்தினால் கண்ணில் படும், கேட்பார்கள். பாடிக்குள்ளேயே, கம்பெனி உயரத்தை ஒட்டியே இருந்தால் சிக்கல் குறைவு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில்லோடு எழுதித் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்க. சொல்லாமல் மாட்டிய ரிம்முக்கு நஷ்டஈடு கேட்டுப் போய் நிற்கவேண்டாம். பழைய ரிம் நாலையும் விற்காதீங்க, மேல் பரணில் கிடக்கட்டும்.

கோரிமேட்டிலிருந்து: கறுப்பா, சில்வரா?

சில்வர். விரிசல் விட்டால் தெரியும்.