பழைய ரெக்கார்டு, கேசட் எல்லாத்தையும் ஸ்கிரீன் ரீடர் வெச்சு கம்ப்யூட்டர்ல ஏத்துறது: கேள்வி பதில்

நான் பார்வை இல்லாதவன், விண்டோஸ்ல திரையில இருக்கறத குரல்ல படிச்சு சொல்ற என்விடிஏ ஸ்கிரீன் ரீடர், ரெக்கார்டிங்குக்கு அடாசிட்டி, ரெண்டுமே இலவசம், இத வெச்சுதான் பல வருஷமா கேசட்டும் எல்பியும் ஏத்திட்டு இருக்கேன். ஆளாளுக்கு தனித்தனியா கேட்டத எல்லாம் ஒரே இடத்துல போட்டா எல்லாருக்கும் ஆகும்னு இத எழுதுறேன். கீபோர்டு கட்டளை எல்லாம் அடாசிட்டி 3-ம் வரிசை பதிப்புக்கு சொல்றது.

கேள்வி: அண்ணா, வீட்ல டேப் ரெக்கார்டர் இருக்கு, லேப்டாப் இருக்கு. ஹெட்போன் ஓட்டையில இருந்து ஒரு ஒயர் எடுத்து லேப்டாப் மைக் ஓட்டையில சொருகினா போதும்ல?

சத்தம் வரும் தம்பி, ஆனா வேணாம். இப்ப வர்ற லேப்டாப்ல இருக்கறது ஒரே ஓட்டை, போன் ஹெட்செட்டுக்கான மைக் லைன் அது, மோனோ, அதுவும் ரொம்ப சன்னமான சிக்னலுக்கு செஞ்சது. டேப் ரெக்கார்டர்ல இருந்து வர்றத அதுல விட்டா கரகரன்னு உடைஞ்சுதான் விழும். சின்னதா ஒரு யுஎஸ்பி ஆடியோ டப்பா வாங்கிக்கோ, சிவப்பு வெள்ளை லைன் இன் இருக்கற மாதிரி. பெரிஞ்சர் யுசிஏ202 மாதிரி ஒண்ணு கேசட்டுக்கு தாராளமா போதும். எல்பியும் ஏத்தணும்னா அதே கம்பெனியோட யுஎஃப்ஓ202ல, ரெக்கார்டு பிளேயரோட சன்னமான சிக்னல தூக்கிக் குடுக்கற போனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கு, ரெக்கார்டு பிளேயர நேரா அதுல சொருகலாம். வாக்மேன் சைஸ்ல யுஎஸ்பி கேசட் பிளேயர்னு ஒண்ணு மலிவா விக்கிறாங்களே, அது பக்கமே போகாத, அதுல மோட்டார் ஒரே வேகத்துல ஓடாது, வீணை எல்லாம் அழுகுற மாதிரி கேக்கும். தாத்தா காலத்து நல்ல கேசட் டெக் ஒண்ணு பெல்ட் மாத்தி வெச்சா அதுக்கு ஈடு இல்ல.

கேள்வி: யுஎஸ்பி ரெக்கார்டு பிளேயர, அதான் டர்ன்டேபிள, சொருகின உடனே என்விடிஏ ஊமையாயிடுச்சு சார். கம்ப்யூட்டரே ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு பவர் பட்டன அமுக்கி ஆஃப் பண்ணிட்டேன்.

ஹேங் எல்லாம் ஆகல. யுஎஸ்பி டர்ன்டேபிளோ யுஎஸ்பி டப்பாவோ சொருகினா விண்டோஸ் அத ஒரு ஸ்பீக்கராவும் நினைச்சுக்கும், சில சமயம் டீஃபால்ட் ஸ்பீக்கரே அதுதான்னு தானா மாத்திடும், அப்ப என்விடிஏ அதுக்குள்ள போய் பேசிட்டு இருக்கும், உங்க காதுக்கு ஒண்ணும் வராது. யுஎஸ்பிய புடுங்குங்க, குரல் திரும்பிடும். அப்புறம் என்விடிஏ கீயும் (வழக்கமா இன்செர்ட்) கன்ட்ரோலும் யூவும் சேத்து அழுத்தினா ஆடியோ செட்டிங்ஸ் திறக்கும், அதுல முதல்ல வர்ற அவுட்புட் டிவைஸ்ல டீஃபால்ட்னு இருக்கறத மாத்தி லேப்டாப்போட சொந்த ஸ்பீக்கர பேரு சொல்லி தேர்ந்தெடுத்து ஓகே குடுங்க. அதுக்கப்புறம் எத சொருகினாலும் குரல் அங்கேயேதான் இருக்கும்.

இன்னொண்ணும் இதோட சொல்லிடறேன், ஏன்னா அடுத்த கேள்வி அதாத்தான் இருக்கும். பாட்டுக்கு நடுவுல என்விடிஏ குரலும் பதிவாகுமான்னு. லைன் இன்ல இருந்து பதிவு பண்ணினா ஆகாது, தைரியமா அம்புக்குறி தட்டி நேரம் பாத்துக்கலாம். அடாசிட்டி ரெக்கார்டிங் டிவைஸ்ல லூப்பேக்குன்னோ ஸ்டீரியோ மிக்ஸ்னோ இருக்கறத தேர்ந்தெடுத்திருந்தா மட்டும்தான் குரலும் சேந்து விழும், கம்ப்யூட்டர்ல வர்ற சத்தம் மொத்தத்தையும் எடுக்கறதுதான் அதோட வேலை. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸ்ல அந்த இன்புட்டுக்கு ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க. பேச்சுக்காக செஞ்ச இரைச்சல் குறைக்கிற வேலைய அது பாட்டு மேலயும் காட்டும், தம்பூராவையே இரைச்சல்னு நினைச்சு வெட்டி எறிஞ்சிடும்.

கேள்வி: லெவல் எப்படி பாக்கறது? கண்ணு தெரிஞ்சவங்க பச்சை சிவப்பு மீட்டர பாத்து வெக்கறாங்க. நமக்கு?

இதுதான் எல்லாரும் பயப்படுற இடம், உண்மையில நமக்கு நம்பராவே கிடைக்குது. கேசட்ல சத்தம் அதிகமா வர்ற இடமா, கோரஸோ நாதஸ்வரமோ தவில் தனியோ, ஒரு நிமிஷம் சோதனைக்கு பதிவு பண்ணுங்க. ஆர் அழுத்தினா பதிவு தொடங்கும், ஸ்பேஸ் பார் அழுத்தினா நிக்கும். கன்ட்ரோல் ஏ அழுத்தி மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் மெனுவுல ஆம்பிளிஃபை போங்க. டயலாக் திறந்ததும் ஒரு டெசிபல் நம்பர் படிக்கும். இன்னும் எவ்வளவு கூட்டினா உச்சிய தொடும்னு அது சொல்ற கணக்கு. 6னு படிச்சா உங்க உச்ச சத்தம் மைனஸ் 6ல நிக்குதுன்னு அர்த்தம், அருமை, எஸ்கேப் அடிச்சுட்டு வெளிய வந்துடுங்க. 0ன்னு படிச்சா கூரையில முட்டி உடைஞ்சிருக்கு, இன்புட்ட குறைச்சு மறுபடி சோதிங்க. 20க்கு மேல படிச்சா ரொம்ப தாழ்வா இருக்கு, கூட்டுங்க. நான் 6ல இருந்து 10க்குள்ள வெச்சுக்குவேன். இது பதிவு முழுசுக்கும் சேத்து ஒரே நம்பரா சொல்லும்.

கேள்வி: அப்பாவோட கேசட் ஒரு பெட்டி நிறைய இருக்கு, இலங்கை வானொலியில இருந்து அவரே பதிஞ்சது, ஒலிச்சித்திரம், வில்லுப்பாட்டு எல்லாம் இருக்கு. திறந்தாலே ஒரு மக்கின வாடை. போடலாமா?

அந்த வாடையே ஜாக்கிரதைன்னு சொல்லுதுக்கா. பூசணம் பிடிச்ச கேசட்ட அப்படியே போட்டா டேப்பு ஒட்டிகிட்டு அறுந்துடும், டேப்ப படிக்கிற ஹெட்ல அப்பிக்கும், அடுத்து போடுற நல்ல கேசட்டுக்கும் அது பரவும். அதனால முதல்ல தரம் பிரிங்க. வாடை இல்லாதது ஒரு பக்கம், இருக்கறது ஒரு பக்கம். வாடை இல்லாதத முதல்ல முடிச்சுடுங்க. மத்ததுக்கு மூக்குல மாஸ்க் கட்டிட்டு, பென்சில சக்கரத்துல விட்டு கையால மெதுவா சுத்தி பாருங்க, இறுக்கமா இருந்தா விட்டுடுங்க, டெக்குல போட்டு மோட்டாரால இழுக்க விடாதீங்க. தூக்கி மட்டும் போட்டுடாதீங்க. கடையில வர்ற சினிமா பாட்டு எங்கயாவது ஒரு காப்பி இருக்கும், அப்பா வானொலியில பிடிச்சதுக்கு அந்த ஒரு டேப்புதான் காப்பி. அந்த மாதிரி தனியா இருக்கறதுக்குதான் முதல் மரியாதை.

போடுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. கேசட்டோட டேப்பு தெரியுற பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்புல ரெண்டு ஓரத்துலயும் சின்ன பிளாஸ்டிக் சில்லு விரலுக்கு தட்டுப்படும், அத உடைச்சு விட்டுடுங்க, அப்புறம் தெரியாம ரெக்கார்டு பட்டன் மேல கை பட்டாலும் அழியாது. நமக்கு பட்டன் தடவி கண்டுபிடிக்கிற வேலை இருக்கறதால இத நான் யாருக்கும் தவறாம சொல்வேன். ரெண்டாவது, நாடாவ ஹெட் மேல அழுத்திப் பிடிக்கிற சின்ன பஞ்சு, கேசட் வாய்க்குள்ள நடுவுல செப்புத்தகட்டு மேல ஒட்டியிருக்கும். பல வருஷம் ஆனா பசை விட்டு விழுந்துடும். விரல் நுனியால லேசா தொட்டு பாருங்க. அது இல்லாம போட்டா சத்தம் மங்கலா ஏறி இறங்கி வரும், டேப்பே போச்சுன்னு நினைச்சிடுவீங்க. ஸ்க்ரூ போட்ட பழைய கேசட் ஒண்ணோட கூட்டுக்குள்ள இந்த டேப்ப மாத்தி வெச்சா வேலை முடிஞ்சுது.

கேள்வி: சத்தம் வருது ஆனா போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. ஹெட்ட ஸ்பிரிட்ல துடைச்சுட்டேன்.

துடைச்சும் மங்கலா இருந்தா அசிமத். அதாவது கேசட்ட பதிஞ்ச மெஷினோட ஹெட் சாய்வும் உங்க டெக்கு ஹெட் சாய்வும் ஒத்துப்போகல. ஹெட்டுக்கு பக்கத்துல ஸ்பிரிங் வெச்ச ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், நிறைய செட்ல கதவுக்கு கீழ அதுக்குன்னே ஒரு ஓட்டையும் இருக்கும். பாட்டு ஓடுறப்பவே மெல்லிசான ஸ்க்ரூ டிரைவர உள்ள விட்டு கால் சுத்து, அரைக்கால் சுத்துன்னு திருப்புங்க, ஜால்ராவும் 'ஸ'காரமும் எங்க பளிச்னு வருதோ அங்க நிறுத்திடுங்க. ரெண்டு சேனலையும் மோனோவா சேத்து கேட்டீங்கன்னா வித்தியாசம் இன்னும் நல்லா தெரியும். இது சுத்தமா காது வேலை, கண்ணால இத ஒண்ணும் செய்ய முடியாது. வேற மெஷின்ல பதிஞ்ச கேசட் வந்தா மறுபடி திருப்பணும், சோம்பல் படாதீங்க. இங்க விட்ட ட்ரெபிள பின்னாடி எந்த சாஃப்ட்வேராலயும் கொண்டு வர முடியாது.

கேள்வி: தாத்தாவோட ஹெச்எம்வி தட்டு, கனமா இருக்கு, கீழ போட்டா உடையும்ங்கிறாங்க. எங்க பிளேயர்ல 33, 45 மட்டும்தான். ஸ்பிரிட் போட்டு துடைச்சு போடவா?

ஸ்பிரிட்டா! வேண்டவே வேண்டாம், கைய எடுங்க. அது 78 வேக அரக்குத்தட்டு, அரக்கு ஆல்கஹால்ல கரையும். தண்ணியில நனைச்சு பிழிஞ்ச மெல்லிசு துணியால தடம் போற திசையிலேயே துடைச்சு உடனே காய விடுங்க, நடு லேபிள் நனையக்கூடாது.

78 வேகம் இல்லாட்டி பரவாயில்ல, 45லயே ஓட்டி பதிவு பண்ணுங்க, டிக் டிக்னு வர்ற சத்தத்த எடுக்கற கிளிக் ரிமூவல் போடுறதா இருந்தா அந்த வேகத்துலயே போட்டுட்டு, அப்புறம் எஃபெக்ட் மெனுவுல வேகமும் பிட்ச்சும் சேந்து மாத்துறது ஒண்ணு இருக்கு, அதுல ரெக்கார்டு வேகம்னே தனி பெட்டி இருக்கும், இருந்து 45, வரைக்கும் 78னு தேர்ந்தெடுங்க, கணக்க அதுவே போட்டுக்கும். ஆனா முள்ள மாத்தணும். 78 தடம் அகலம், ஒரு இஞ்ச்ச ஆயிரமா பிரிச்சா அதுல மூணு பங்கு அளவு முள் வேணும், எல்பி முள் ஒரு பங்கு கூட வராது, அது தடத்தோட அடியில கிடக்கற அழுக்க உழுதுட்டு போகும், வர்றதெல்லாம் இரைச்சல்தான். 78க்குன்னு முள் தனியா கிடைக்குது, உங்க கார்ட்ரிட்ஜுக்கு பொருந்துதான்னு கேட்டு வாங்குங்க. தட்டு மோனோதான், அதனால கடைசியில ரெண்டு சேனலையும் மோனோவா சேத்துடுங்க, இரைச்சல்ல ஒரு பங்கு அதுலயே அடங்கிடும்.

கேள்வி: முள்ள தட்டு மேல வெக்கறதுக்கே எனக்கு கை நடுங்குது. யாராவது பக்கத்துல இருந்தாதான் முடியுமா?

தானா இயங்குற பிளேயர் வாங்குங்க. ஆடியோ டெக்னிகா எல்பி60 வகையில பட்டன அழுத்தினா முள் மாட்டியிருக்கற பிளேயரோட கையே போய் முதல் தடத்துல இறங்கும், முடிஞ்சா தானா திரும்பி வந்துடும், ப்ரீஆம்ப்பும் உள்ளேயே இருக்கு. ஆனா அதுல 78 இல்ல. கையால வெக்கற பிளேயர்னா முள்ள தூக்கி இறக்குற க்யூ லீவர் இருக்கான்னு பாத்துக்கோங்க, லீவர தூக்கிட்டு, தட்டு விளிம்பு மேல விரல வெச்சு அளந்துட்டு, பிளேயரோட கைய நகத்தி லீவர இறக்கினா மெதுவா உக்காரும்.

கேள்வி: ஒரு பக்கம் முழுசா ஒரே ஃபைலா இருக்கு. பாட்டு பாட்டா எப்படி பிரிக்கறது?

ஓட விட்டு கேளுங்க. பாட்டு தொடங்குற இடத்துல கன்ட்ரோல் எம், ஒரு லேபிள் விழும், பேர டைப் பண்ணி என்டர், தமிழ்லயே அடிக்கலாம். பாட்டு பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். கமாவும் புள்ளியும் கொஞ்சம் கொஞ்சமா முன்ன பின்ன தள்ளும், ஷிஃப்ட்டோட அழுத்தினா பெரிய தாவல். லேபிள் எல்லாம் போட்டு முடிச்சதும் ஆல்ட்டும் வலது அம்பும் அடிச்சு ஒவ்வொண்ணா தாவி சரி பாத்துட்டு, எக்ஸ்போர்ட்ல பல ஃபைல், லேபிள் படி பிரின்னு குடுங்க. நீங்க அடிச்ச பேர்லயே தனித்தனியா வந்து விழும். பதிவு ஓடுறப்பவே லேபிள் போடலாம், ஆனா அப்ப கைய கட்டிட்டு உக்காந்து கேக்கறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன், எங்கயாவது டேப்பு சிக்கினா உடனே காதுல விழும்.

கேள்வி: நாய்ஸ் ரிடக்ஷன் எவ்வளவு போடலாம் சார்?

கம்மியா. முடிஞ்சா வேணாம். பாட்டு தொடங்கறதுக்கு முன்னாடி வர்ற வெறும் இரைச்சல மட்டும் தேர்ந்தெடுத்து ப்ரொஃபைல் எடுத்து 6 டெசிபல் குறைச்சா போதும், 20, 30னு இழுத்தா பாடகர் தண்ணிக்குள்ள இருந்து பாடுவார். எத செஞ்சாலும் காப்பியில செய்யுங்க. தொடாத மூல பதிவு, தரம் குறையாம சுருக்குற ஃப்ளாக் ஃபைல்ல ஒரு பக்கம் பத்திரமா இருக்கணும், ஏன்னா நாளைக்கு இதவிட நல்ல கருவி வரும், டேப்பு அதுவரைக்கும் இருக்குமான்னு தெரியாது. இடம் பத்தாதேன்னு கவலை வேண்டாம், சுருக்காத வேவ் ஃபைல்ல ஸ்டீரியோ நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி, ஃப்ளாக்ல அது கிட்டத்தட்ட பாதியாகும். ஒரு 90 நிமிஷ கேசட் அரை ஜிபிக்குள்ள அடங்கிடும். போன்ல கேக்க மட்டும் எம்பி3.

கேள்வி: ம்ம்ம்னு ஒரு முனகல் சத்தம் கூடவே வருதே?

சார்ஜர புடுங்கிட்டு பேட்டரியில ஓட்டி பாருங்க. பாதி பேருக்கு அதுலயே போயிடும். போகலன்னா டர்ன்டேபிளோட எர்த் ஒயர் மாட்டியிருக்கான்னு தடவி பாருங்க.

கேள்வி: அமெரிக்காவுல இருந்து ஒருத்தர் குடுத்த பேசும் புத்தக கேசட் இருக்கு. சாதாரண செட்ல போட்டா அணில் மாதிரி கீச்சுகீச்சுன்னு ரெண்டு பேர் சேந்து பேசறாங்க, ஒருத்தர் சொல்றது கூட புரியல.

அருமையான கேசட் அது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட பார்வையற்றோர் சேவை அனுப்பினதா இருக்கும். சாதாரண கேசட் நொடிக்கு ஒண்ணே முக்கால் இஞ்ச்சுக்கும் கொஞ்சம் மேல ஓடும், இது அதுல பாதி வேகத்துல, நாலு தடமா தனித்தனியா பதிஞ்சது. அதனால ஒரு 90 நிமிஷ கேசட்ல ஆறு மணி நேரம் புத்தகம் இருக்கும். உங்க ஸ்டீரியோ டெக்குல போட்டா இடது சேனல்ல ஒரு பக்கம், வலதுல இன்னொரு பக்கம், ரெண்டும் இரட்டை வேகத்துல. அப்படியே ஸ்டீரியோவா பதிவு பண்ணி, ட்ராக் மெனுவுல இருந்து ஸ்டீரியோவ ரெண்டு மோனோவா பிரிச்சு, வேகத்த பாதியாக்குங்க. முதல் பக்கமும் மூணாவது பக்கமும் கிடைச்சுடும். திருப்பி போட்டா ரெண்டும் நாலும். 45 நிமிஷம் ஓட்டினா மூணு மணி நேரம் கைக்கு வருது, இப்படி ஒரு லாபம் வேற எந்த கேசட்லயும் இல்ல.

கேள்வி: ஏத்தினத எல்லாரும் கேக்கற மாதிரி இன்டர்நெட்ல போடலாமா?

நம்ம காப்பிரைட் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை வெளியான வருஷம் முடிஞ்சு 60 வருஷம். 1960ல வந்த தட்டுன்னா 2020 கடைசியோட அந்த ஒலிப்பதிவு உரிமை முடிஞ்சது. ஆனா பாட்டு எழுதினவர், இசையமைச்சவர் உரிமை தனி, அது அவங்க காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் ஓடும், அதையும் பாக்கணும். பேசும் புத்தகம் மாதிரி மாற்றுத்திறனாளிங்க பயன்படுத்தற வடிவத்துல அவங்களுக்கு மட்டும் குடுக்கறதுக்கு 2012 திருத்தத்துல விலக்கு இருக்கு, அது எல்லாருக்கும் திறந்து விடுறதுக்கான அனுமதி இல்ல. அப்பா குரல், பாட்டி தாலாட்டு, ஊர் கோயில் வில்லுப்பாட்டுன்னா பாடினவங்க வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க.

கேள்வி: ரீப்பர் நல்லதா அடாசிட்டியா?

ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஒசாரான்னு ஒரு துணை நிரல் போட்டா ஸ்கிரீன் ரீடருக்கு ரொம்ப நல்லா பேசும், என்விடிஏவ உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஜேம்ஸ் டெஹ் செஞ்சது. நிறைய ட்ராக் வெச்சு மிக்ஸ் பண்றவங்க அதுக்கு போங்க. ஒரு கேசட் பெட்டிய காலி பண்றதுக்கு அடாசிட்டி போதும், இன்னைக்கே ஆரம்பிக்கலாம்.